புதுப்பிப்பு: பார்ட்டிஷன் அழித்தபின் வந்த 'கிரப் ரெஸ்க்யூ' பிழை தீர்ந்தது

உதவிய எல்லாருக்கும் நன்றி. பழைய பயாஸ் (கணினியை முதலில் இயக்கும் அடிப்படை மென்பொருள்) கணினியில் தேவையில்லாத லாஜிக்கல் பார்ட்டிஷன் (வட்டின் ஒரு பிரிவு) ஒன்றை அழித்ததும், 'நோ சச் பார்ட்டிஷன்' (அப்படி ஒரு பார்ட்டிஷன் இல்லை) என்று சொல்லி, லினக்ஸைத் தொடங்கிவைக்கும் கிரப் நிரலின் அவசரத் திரையான கிரப் ரெஸ்க்யூவிலேயே நின்றுவிட்டது, நினைவிருக்கும். இப்போது ஒழுங்காக பூட் ஆகிறது.

பயாஸில் பூட் வரிசையை மாற்றியது பலன் தரவில்லை. கிரப் வரை வந்துவிட்டதால் கோளாறு அதற்குப் பிறகுதான். பார்ட்டிஷன் எண் நகர்ந்திருக்கும் என்று ஒருவர் சொன்னாரே, அதுவே சரி. எம்பிஆர் (பழைய வகைப் பார்ட்டிஷன் அட்டவணை) வட்டில் லாஜிக்கல் பார்ட்டிஷன்கள் 5இல் தொடங்கும். 5ஐ அழித்தால் 6 தானாகவே 5 ஆகிவிடும். கிரப் இன்னும் 6ஐத் தேடிக்கொண்டிருந்தது.

ரெஸ்க்யூ திரையில் 'எல்எஸ்' (பட்டியல் காட்டும் கட்டளை) கொடுத்து ஒவ்வொரு பார்ட்டிஷனாகப் பார்த்தேன். பூட் கோப்புறை தெரிந்த பார்ட்டிஷனை ரூட்டாகவும், அதிலுள்ள கிரப் கோப்புறையை ப்ரிஃபிக்ஸாகவும் செட் செய்து, 'இன்ஸ்மாட் நார்மல்', பிறகு 'நார்மல்' கொடுத்ததும் மெனு வந்தது. இது அந்த ஒரு முறைக்கு மட்டுமே. லினக்ஸுக்குள் போனதும் கிரப் இன்ஸ்டாலை (கிரப்பை வட்டில் பதியும் கட்டளை) மறுபடி ஓட்டியே ஆக வேண்டும். பார்ட்டிஷன் எண் சேர்க்காமல் முழு வட்டின் பெயரைக் கொடுங்கள்.

எதிர்பாராத ஒன்று: அதற்குப் பிறகும் பூட் ஆகும்போது 90 விநாடி காத்து நின்றது. ஸ்வாப்பை (நினைவகம் போதாதபோது உதவும் வட்டுப் பகுதி) புதிதாக ஃபார்மட் செய்ததில் அதன் யுயுஐடி (தனி அடையாள எண்) மாறியிருந்தது; பூட் பழைய எண்ணுக்காகக் காத்திருந்தது. 'பிஎல்கேஐடி' கட்டளை காட்டிய புது எண்ணை, பூட் ஆகும்போது இணைக்க வேண்டிய பார்ட்டிஷன்களின் பட்டியலான எஃப்எஸ்டேப் கோப்பில் போட்டதும் அந்தத் தாமதமும் போய்விட்டது.