மொட்டைமாடி ஷீட் ரூமுக்கு கிளாஸ் வூல் சரிப்படுமா?

தண்டையார்பேட்டை டெய்லர்:
எங்கள் மொட்டைமாடியில் பன்னிரண்டுக்குப் பத்து அடியில் ஒரு தகர ஷீட் ரூம். அதில்தான் மூன்று மெஷின் போட்டு ஜாக்கெட் தைக்கிறேன். சித்திரை, வைகாசியில் பதினொரு மணிக்கு மேல் உட்கார முடியாது. ஃபேன் போட்டால் ஷீட்டில் இருக்கும் சூட்டைத்தான் இறக்கி விடுகிறது. போன வருடம் தெர்மாகோல் ஒட்டினோம். ஆடி வருவதற்குள் பசை இளகி ஒவ்வொன்றாகத் தலையில் விழுந்தது. அயர்ன் பாக்ஸ் ஓடும் இடத்தில் தெர்மாகோல் கூடவே கூடாது என்று அப்புறம்தான் ஒருவர் சொன்னார், காசு போன பிறகு.

இப்போது சீலிங் போடுபவர், இரண்டு அங்குல கிளாஸ் வூலை (கண்ணாடி இழைப் பஞ்சு) ஒரு அங்குல இடைவெளியில் அமுக்கி வைத்துக் கீழே போர்டு அடித்துவிடலாம் என்கிறார். பக்கத்து வீட்டு அம்மாவோ, "அது ஆஸ்பெஸ்டாஸ்மா, நெஞ்சுக்கு ஆகாது" என்கிறார். தூசி துணியில் இறங்குமா? கடல் காற்றுக்குத் தாங்குமா?

காசிமேடு ஃபைபர்:
அக்கா, நான் ஃபைபர் படகு ஒட்டுகிறவன். கண்ணாடி இழையில்தான் என் சோறு. அரிக்கும், உண்மை. அடிக்கிற அன்றைக்கு மெஷின், துணி எல்லாவற்றையும் கீழே இறக்கிவிடுங்கள். வேலை செய்பவர் முழுக்கைச் சட்டையும் மாஸ்க்கும் போடட்டும். மேலே பட்டால் தேய்க்காமல் பச்சைத் தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும். போர்டு மூடிவிட்டால் தூசி இறங்காது.

வியாசர்பாடி சீலிங்:
ஆஸ்பெஸ்டாஸ் வேறு, இது வேறு. கிளாஸ் வூல், பாறையை உருக்கி இழுக்கும் ராக்வூல் இரண்டையும் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2001இலேயே சந்தேகப் பட்டியலிலிருந்து இறக்கிவிட்டது.

அமுக்கச் சொன்னவரை மட்டும் விடாதீர்கள். வேலை செய்வது கண்ணாடி இல்லை, இழைகளுக்கு நடுவே அசையாமல் நிற்கும் காற்று. 50 மி.மீ. வூல் தடுக்கும் சூட்டைத் தடுக்க ஒரு மீட்டருக்கு மேல் கான்கிரீட் வேண்டும். அதைப் பாதியாக நசுக்கினால் கொடுத்த காசில் கிட்டத்தட்ட பாதி போச்சு. போர்டு ஃபிரேமை இறக்கிக் கட்டச் சொல்லுங்கள். ஷீட்டை ஒட்டி வூல், தொங்காமல் இருக்கக் கீழே கோழிவலை, வூலில் ஒட்டியிருக்கும் அலுமினிய ஃபாயில் பக்கம் கீழ்நோக்கி, அப்புறம் ஒரு அங்குலம் சும்மா விட்டு போர்டு. அந்தக் காற்று இடைவெளி இருந்தால்தான் ஃபாயில் வேலை செய்யும்.

கடல் காற்றைவிட ஈரம்தான் இதற்கு எதிரி. விடியற்காலையில் ஷீட் குளிர்ந்து அடியில் வியர்க்கும். அயர்ன் பண்ணும் ஆவி மேலே ஏறினால் வூல் நனைந்து தொங்கிவிடும், பிறகு சூட்டையும் தடுக்காது. ஃபாயில் இணைப்பு ஒவ்வொன்றுக்கும் டேப் ஒட்டுங்கள். ஷீட்டில் ஆணி ஓட்டை ஒழுகினால் முதலில் அதை அடையுங்கள். லைட்டின் முதுகில் வூல் படக்கூடாது. விளிம்பில் எலி நுழையச் சந்து விடாதீர்கள், அதற்கு இதைவிட நல்ல மெத்தை கிடைக்காது.

ராயபுரம் பழைய வீடு:
வூல் இறங்கும் சூட்டைக் குறைக்கும், ஆனால் ஷீட் சூடாவதை நிறுத்தாது. ஷீட் மேல் வெள்ளை பெயின்ட் அடித்தால் பாதி வெயில் உள்ளேயே வராது. எங்களுடையது மெட்ராஸ் டெரஸ் (மரக்கட்டை மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் போட்ட பழைய கூரை), சுண்ணாம்பிலேயே காலம் ஓடுகிறது. அமுக்குவதில் எவ்வளவு மிச்சமாகும் என்று சீலிங்காரரைக் கேட்டீர்களா?

தண்டையார்பேட்டை டெய்லர்:
கேட்டேன் அண்ணா. ஃபிரேம் கம்பி நாலு முழம் மிச்சமாம்! இறக்கித்தான் கட்ட வேண்டும் என்று நின்றேன். ரூம் உயரம் நாலு அங்குலம் குறைந்தது, என் வீட்டுக்காரர் கை தூக்கினால் ஃபேனில் இடிக்கும் என்று இன்னும் முனகுகிறார். வெள்ளை பெயின்டும் அடித்தாயிற்று. மதியம் இரண்டு மணிக்கு இப்போது தைக்க முடிகிறது. வேர்க்கிறது, ஆனால் தலை சுடவில்லை.

ஒன்றை மட்டும் யாரும் சொல்லவில்லை. முன்பெல்லாம் நாலு தூறல் விழுந்தாலே ஷீட் தடதடவென்று கூப்பிடும், ஓடிப்போய்க் கொடியில் இருப்பதை எடுப்பேன். முந்தாநாள் மழை பெய்ததே கேட்கவில்லை. சுருக்கம் போக நனைத்துக் காயப்போட்ட லைனிங் துணி ஆறும் மறுபடி நனைந்துவிட்டது.