புதுப்பிப்பு: கோதுமையை நிறுத்தியும் தீராத வயிற்றுவலி, காரணம் கிடைத்தது

சீலியாக் (கோதுமையில் உள்ள குளூட்டன் புரதத்தால் குடல் பாதிக்கப்படும் நோய்) உறுதியாகி, கோதுமை, மைதா, ரவை எல்லாம் நிறுத்தி 8 மாதம் ஆகியும் 6 வயது மகனுக்கு வயிறு உப்புசமும் பேதியும் விடவில்லை என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

"பெருங்காய டப்பாவைத் திருப்பிப் பாருங்க" என்று ஒரு அக்கா எழுதியிருந்தார். பார்த்தேன். பொடி எழுத்தில் 'கோதுமை மாவு'! கூட்டுப் பெருங்காயத்தில் அது சகஜமாம். தினமும் சாம்பாரிலும் ரசத்திலும் நானே போட்டுக் கொடுத்திருக்கிறேன். அரிசி மாவு சேர்த்ததற்கு மாறினோம். மூன்று வாரத்தில் பேதி நின்றது.

உப்புசம் மட்டும் போகவில்லை. அது யாரும் சொல்லாத இடத்திலிருந்து வந்தது: மாவு மில். எங்கள் கேழ்வரகுக்கு முன்னால் யாரோ கோதுமை அரைத்துக்கொண்டிருந்தார்கள், அதே மெஷின். இப்போது வீட்டு மிக்ஸியில்தான் அரைக்கிறேன். கை வலிக்கிறது, பரவாயில்லை.

போன வாரம் டிடிஜி ரத்தப் பரிசோதனை (சீலியாக்கில் கூடும் எதிர்ப்பொருளை அளப்பது): அளவு நன்றாக இறங்கியிருக்கிறது, எடையும் 2 கிலோ கூடியிருக்கிறான். கூடப்பிறந்தவர்களுக்கும் பார்க்க வேண்டுமாம். பரிசோதனை முடியும்வரை பாப்பாவுக்குச் சப்பாத்தியை நிறுத்தாதீர்கள், நிறுத்தினால் முடிவு தப்பாக வரலாம் என்றார் டாக்டர். அடுத்த வாரம் போகிறோம்.