சிறுமலை ஓடைக்குள் தடம் விலகுது, எந்த ஜிபிஎஸ் வாங்கலாம்?

வணக்கம். வனத்துறை அனுமதியோடு வாடிப்பட்டிப் பக்கமிருந்து சிறுமலைச் சரிவில் நடக்கும் எங்கள் குழுவுக்குக் கையடக்க ஜிபிஎஸ் வேண்டும். இருப்பது பத்து வருடப் பழைய கருவி, எல்1 அலைவரிசை மட்டும். திறந்த பாறையில் 5 மீட்டருக்குள் நிற்கிறது. மரம் அடர்ந்த ஓடைக்குள் இறங்கியதும் 30 மீட்டர் தள்ளிப்போகிறது. அசையாமல் நின்றாலும் திரையில் தடம் சிக்கிய நூல்கண்டு மாதிரி சுற்றிக்கொண்டே இருக்கும். ஜனவரியிலிருந்து நாலு நடை, நாலிலும் இதேதான்.

ரஷ்யாவின் குளோனாஸ் செயற்கைக்கோள்களையும் சேர்த்துப் பார்த்தாச்சு. செயற்கைக்கோள் வழியாக வரும் இந்தியாவின் ககன் திருத்தத்தையும் இயக்கினோம். அந்தச் செயற்கைக்கோள் இருக்கும் திசையை மலை மறைத்தால் அதுவும் உதவாது. கிளம்புமுன் 15 நிமிடம் வெட்டவெளியில் வைத்தோம். தடப்பதிவை ஆட்டோவிலிருந்து 5 வினாடிக்கு மாற்றினோம். டேட்டம், அதாவது இட அளவைக்கான அடிப்படை, டபிள்யூஜிஎஸ் 84தான். பழைய சர்வே வரைபடங்களின் எவரெஸ்ட் டேட்டத்தோடு குழம்பவில்லை. பாறைச் சுவரில் பட்டுத் திரும்பும் சிக்னல்தான் காரணம் என்று நினைக்கிறேன்.

பார்த்து வைத்திருப்பது இரண்டு. கார்மின் இடிரெக்ஸ் 32எக்ஸில் பாரோமீட்டர், காம்பஸ் உண்டு, 2 ஏஏ பேட்டரியில் 25 மணி நேரம் ஓடும், ஆனால் எல்5 என்ற இரண்டாவது அலைவரிசை கிடையாது. ஜிபிஎஸ்மேப் 65எஸ் எல்1, எல்5 இரண்டையும் பிடிக்கும், 16 மணி நேரம்தான். கூடுதலாக ரெண்டு ஜோடி பேட்டரி சுமப்பது பரவாயில்லை. வியர்வைக் கைக்குத் தொடுதிரை வேண்டாம், பட்டன்தான் சரி.

சிறுமலையிலோ அழகர்மலையிலோ 65எஸ் கொண்டுபோனவர்களுக்கு, அடர்ந்த ஓடைக்குள் விலகல் எத்தனை மீட்டர் வந்தது?