சுவான்ஜோவில் ஆறு இரவு

2025 ஏப்ரலில் தொழில் விஷயமாகச் சீனா போய் வந்தேன். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் கட்டிங் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். ஃபுஜியன் மாகாணத்து ஜின்ஜியாங்கில் ஏப்ரலில் காலணிக் கண்காட்சி நடக்கும். ஆன்டா, எக்ஸ்டெப் போன்ற சீன ஷூ பிராண்டுகள் எல்லாம் பிறந்த ஊர் அது. கண்காட்சி நாட்களில் அங்கே அறைக்கு அலைய வேண்டாம் என்று, பக்கத்தில் இருக்கும் சுவான்ஜோவின் பழைய ஊருக்குள் தங்கினோம். கூட வந்தவன் எங்கள் மெஷின் டெக்னீஷியன், ஆம்பூர்ப் பையன், என்னை அண்ணா என்றுதான் கூப்பிடுவான். சென்னையிலிருந்து கோலாலம்பூர் வழியாக சியாமென், அங்கிருந்து அதிவேக ரயில்.

முதல் ராத்திரியே சோதனை. பணம் கட்டி புக் செய்திருந்த ஹோட்டலில் பாஸ்போர்ட்டைப் பார்த்ததும் கையை ஆட்டிவிட்டார்கள். வெளிநாட்டுக்காரர்களைப் பதிவு செய்ய எங்களால் முடியாது என்று போனில் மொழிபெயர்த்துக் காட்டினார் ரிசப்ஷனில் இருந்தவர். மணி பதினொன்று, வெளியே தூறல். இப்படித் திருப்பி அனுப்பக்கூடாது என்று சீன அரசு 2024லேயே ஹோட்டல்களுக்கு அறிவித்துவிட்டது. ஆனால் அந்த நேரத்தில் யாரிடம் போய்ச் சட்டம் பேசுவது? பெட்டியை இழுத்துக்கொண்டு தெருவில் நடந்தோம். அந்தக் கோபம் எனக்கு இன்னும் போகவில்லை. அதனால் சொல்கிறேன், புக் செய்தாலும் ஹோட்டலுக்கு ஒரு செய்தி அனுப்பி, 'இந்தியப் பாஸ்போர்ட், தங்கலாமா' என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு தெரு தள்ளி, ஆறு மாடி ஹோட்டல் ஒன்றில் விளக்கு எரிந்தது. ரிசப்ஷனில் ஒரு பெண், நாற்பது வயது இருக்கும். அவருக்கும் ஆங்கிலம் தெரியாது. எங்கள் பாஸ்போர்ட்டைப் புரட்டி, விசா பக்கத்தையும் முத்திரை பக்கத்தையும் நகல் எடுத்தார். சீனாவுக்குள் வரும் வெளிநாட்டுக்காரர் எங்கே தங்கினாலும் 24 மணி நேரத்துக்குள் போலீஸில் பதிவாக வேண்டும். ஹோட்டல் என்றால் அதை அவர்களே செய்துவிடுவார்கள், நண்பர் வீடு என்றால் நாமே ஸ்டேஷனுக்குப் போக வேண்டும். இந்த அம்மா ஒரு தடவை தப்பாக அடித்து, யாருக்கோ போன் போட்டுக் கேட்டு, மறுபடி அடித்து, இருபது நிமிடம் போராடி முடித்தார். ஒரு முறைகூட முகம் சுளிக்கவில்லை. இருநூறு யுவான் முன்பணம் வாங்கிக்கொண்டு சாவி அட்டையைக் கொடுத்தார்.

அறை சின்னது, ஆனால் துப்புரவு. கெட்டில், செருப்பு, சீப்பு, பல் துலக்கும் பிரஷ் எல்லாம் இருந்தது. அலமாரியில் தீ விபத்துக்கான புகை முகமூடி இரண்டு. நம் ஊர் மூன்று முனை பிளக் அங்கே நுழையாது, அடாப்டர் வேண்டும். ஹோட்டல் வைஃபையில் வாட்ஸப், கூகுள் எதுவும் வராது. இந்திய சிம்மை ரோமிங்கில் வைத்திருந்ததால் தப்பித்தோம். அலிபே என்ற பணம் கட்டும் ஆப்பில் நம் கார்டை ஊரிலிருந்து கிளம்பும்போதே இணைத்துவிட்டால் பெட்டிக்கடை வரைக்கும் போன்தான் பர்ஸ்.

சாப்பாடு பற்றித்தான் தம்பிக்குக் கவலை. அவன் ஹலால் தவிர வேறு தொடமாட்டான். ஃபுஜியன் சமையலில் பன்றி எங்கே இருக்கிறது, எங்கே இல்லை என்று கண்டுபிடிப்பது லேசில்லை. காலைப் பலகாரத்துக்கு அந்த ஊர்க்காரர்கள் குடிப்பது நூல் போல மெல்லிய கோதுமைச் சேமியாவைக் குழைத்துக் காய்ச்சிய கூழ். பார்க்க நம் சேமியாக் கஞ்சி மாதிரி இருந்தாலும் அதில் பன்றிக் குடல் போடுவார்கள். அவன் தட்டோடு நிற்பதைப் பார்த்த ரிசப்ஷன் அம்மா ஓடி வந்து, ஒவ்வொரு பாத்திரத்தின் மேலும் கையை வைத்து, இது ஆகும் இது ஆகாது என்று காட்டினார். அவித்த சர்க்கரைவள்ளி, மக்காச்சோளம், சோயாப் பால், முட்டை, இவ்வளவு தேறின. அப்புறம் ஒரு துண்டுக் காகிதத்தில் இரண்டு சீன எழுத்துகளைப் பெரிதாக எழுதி அவன் கையில் கொடுத்தார். 'சிங் ஜென்', ஹலாலுக்குச் சீனத்தில் அதுதான் பெயர். அந்த எழுத்து பலகையில் இருக்கும் கடைக்குள் மட்டும் போ என்று சைகை. லான்ஜோ நூடுல்ஸ் கடை ஒன்று மூன்றாவது சந்திலேயே இருந்தது. மாட்டுக்கறிச் சாறில் கையால் இழுத்த நூடுல்ஸ், ஆறு நாளும் அவனுக்கு அதுதான்.

வெள்ளிக்கிழமை அவன் தொழுகைக்குப் போனது சிங்ஜிங் பள்ளிவாசலுக்கு. 1009இல் கட்டியது. பழைய தொழுகைக் கூடத்தின் கூரை விழுந்து, கருங்கல் சுவர்கள் மட்டும் வானத்தைப் பார்த்து நிற்கின்றன.

எனக்குக் கிடைத்ததும் குறைவில்லை. ஹோட்டலிலிருந்து நடக்கும் தூரத்தில் மேற்குத் தெருவில் காய்யுவான் கோயில், பெரிய பௌத்தக் கோயில். நாங்கள் இந்தியா என்று தெரிந்ததிலிருந்து அந்த அம்மா 'யின்து, யின்து' என்று சொல்லி அங்கே போகச் சொல்லிக்கொண்டே இருந்தார். எதற்கென்று போன பிறகுதான் புரிந்தது. பிரதான மண்டபத்தின் பின்பக்கம் பதினாறு பட்டைத் தூண்கள் இரண்டு. அதில் வட்டத்துக்குள் நரசிம்மர், மடியில் இரணியன். இன்னொரு வட்டத்தில் கண்ணன். ஒரு காலத்தில் இந்த ஊரில் நம் வணிகர்கள் கட்டிய கோயிலிலிருந்து வந்த கற்கள். 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டே இந்த ஊரில் கிடைத்திருக்கிறது. நம்மவர்கள் வந்து தங்கிய துறைமுகத்தில்தான் நானும் தங்கியிருக்கிறேன் என்று நினைத்தபோது உடம்பு சிலிர்த்தது. தூணைத் தொடவிடாமல் வேலி இருந்தது, இல்லாவிட்டால் தொட்டிருப்பேன்.

ராத்திரி திரும்பி வந்தால் ஹோட்டல் முன்கூடத்தில் தேநீர். மரப்பலகை ஒன்றைச் சுற்றி நாலைந்து முக்காலி, நடுவில் ஒரு பெரியவர், ஹோட்டல்காரரின் அப்பா. யார் உள்ளே வந்தாலும் உட்காரச் சொல்லுவார். பக்கத்து ஆன்ஷியில் விளையும் தியெகுவான்யின் என்ற தேயிலை, மிளகை விடக் கொஞ்சம் பெரிதாக உருண்ட பச்சை இலை. மூடி போட்ட கிண்ணத்தில் அள்ளிப் போட்டு, கொதிக்கும் நீரை ஊற்றி, அந்த முதல் நீரைக் குடிக்காமல் கோப்பைகளின் மேலேயே கொட்டிக் கழுவுவார். இரண்டாம் நீர்தான் நமக்கு. மூடியை நகர்த்தி என் மூக்கருகே நீட்டினார், மல்லிகை இல்லை, ஆனால் ஏதோ ஒரு பூ வாசனை. இரண்டு வாய் பிடிக்கும் கோப்பை, காலியாகும் முன்னே நிரப்பிவிடுவார். நன்றி சொல்ல வாய் வேண்டாம், இரண்டு விரலால் பலகையைத் தட்டினால் போதும் என்று அவரே தட்டிக் காட்டினார். கிண்ணத்தைச் சுட்டி 'தெ' என்றார். பெய்ஜிங் பேச்சில் அது 'ச்சா', இந்தக் கரைப் பேச்சில் 'தெ'. நம் தேயிலையில் இருக்கும் தேயும் அதுதான் என்று எப்படிச் சொல்வது என்று தெரியாமல், 'தெ, தெ' என்று நானும் திரும்பச் சொன்னேன். மனிதர் அவ்வளவு சந்தோஷப்பட்டார்.

கிளம்பிய நாள் விடிகாலை ஐந்து மணிக்கு டாக்ஸி. சீனாவில் அறையைக் காலி செய்யும்போது ஆள் மேலே போய்ப் பார்த்துவிட்டு வந்த பிறகுதான் முன்பணம் கைக்கு வரும், பத்து நிமிடம் முன்னதாகவே இறங்கிவிடுவது நல்லது. நாங்கள் காத்திருந்தபோது அந்த அம்மா சமையலறையிலிருந்து இரண்டு பைகளோடு வந்தார். அவித்த சர்க்கரைவள்ளி, முட்டை, சோயாப் பால், சூடு ஆறவில்லை. தம்பியின் பையின் மேல் மட்டும் அந்த இரண்டு எழுத்தையும் எழுதியிருந்தார்.