நிடுட்டு, பிப்ரவரி: இரை தின்னும் காட்சியை முழுதாகப் பார்க்க என்ன செய்வது?

கொக்குப்பார்வை:
வணக்கம். பிப்ரவரி நடுவில் தான்சானியாவின் நிடுட்டுவில் நான்கு நாள், பிறகு செரெங்கெட்டியின் செரோனேராவில் இரண்டு நாள். வண்டி எங்களுக்கு மட்டும்தான், வழிகாட்டியே ஓட்டுநர். துரத்திப் பிடிப்பதைப் பார்க்கும் பேராசை இல்லை. இரை விழுந்த பிறகு சிங்கம், கழுதைப்புலி, நரி, பாறு (பிணந்தின்னிக் கழுகு) என்று ஒவ்வொன்றாக வந்து தின்பதைப் பார்க்க வேண்டும். பயணக் குறிப்புகளில் எல்லாம் தூங்கும் சிங்கமும் வெறும் எலும்பும்தான். எதை வைத்துத் தேடுவது? பாறு வட்டமிடும் இடத்துக்குப் போனால் போதுமா?

புல்வெளியான்:
போதாது, டீசல்தான் தீரும். பாறு வட்டமிடுவது வெப்பக்காற்றில் உயரம் ஏறுவதற்காக. இறங்கும் விதத்தைப் பாருங்கள். காலைத் தொங்கவிட்டுச் செங்குத்தாகச் சரிந்தால், அதுவும் வெவ்வேறு திசையிலிருந்து நாலைந்து ஒரே புள்ளியை நோக்கி வந்தால், கீழே இரை உண்டு. மரத்தில் உட்கார்ந்து எல்லாம் ஒரே இடத்தைக் குனிந்து பார்த்தால் வேட்டை விலங்கு இன்னும் இரைமேல் இருக்கிறது. தரையில் குவிந்துவிட்டால் அது போய்விட்டது. அதிகாலையில் மரத்தில் இருப்பதை நம்பாதீர்கள், அது இரவு தங்கிய கூட்டம். ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும்.

ஆப்பிரிக்கப் பாறுகள் இரையைத் தேடுவது மோப்பத்தால் அல்ல, கண்ணால். வெயில் ஏறி வெப்பக்காற்று எழும்வரை அவை அதிகம் பறக்காது. ஆகவே விடிந்து முதல் இரண்டு மணி நேரம் தரையைத்தான் படிக்க வேண்டும். மேயும் கூட்டம் முழுவதும் ஒரே திசையில் தலைதூக்கி நிற்கிறதா? கழுதைப்புலி நின்று முகராமல் நேர்கோட்டில் ஓடுகிறதா? நரி சொல்லிவைத்தாற்போல் ஒரு பக்கமாகவே போகிறதா? பின்னாலேயே போங்கள். இரவில் கூடாரத்தில் கேட்கும் கழுதைப்புலிச் சத்தத்தின் திசையையும் குறித்துவையுங்கள். நீளமான ஊளை வெறும் அழைப்பு. சிரிப்புப் போன்ற கீச்சுச் சத்தம் பலமாகக் கேட்டால் பெரும்பாலும் இரையைச் சுற்றிச் சண்டை.

இன்னொன்று, பலர் கணக்கில் எடுக்காதது: பிப்ரவரி வில்டபீஸ்ட் (பெரிய மறிமான் இனம்) கன்று ஈனும் காலம். வேட்டை அதிகம், ஆனால் விழுவது பெரும்பாலும் கன்று. ஒரு சிங்கக் கூட்டத்துக்கு அது சில நிமிடத் தீனி, பாறுக்கு ஒன்றும் மிஞ்சாது. நீங்கள் கேட்கும் வரிசை வேண்டுமென்றால் வளர்ந்த வில்டபீஸ்ட், வரிக்குதிரை, எருமை ஆகியவற்றில் ஒன்று விழுந்திருக்க வேண்டும். அப்படி ஒன்று கிடைத்தால் அன்றைய மற்றத் திட்டத்தை விட்டுவிடுங்கள்.

ஈரக்கரிசல்:
வண்டி நிறுத்தும் இடத்தில்தான் பாதிப் பேர் கெடுத்துக்கொள்கிறார்கள். கழுதைப்புலி வாடை பிடித்து வருவதால், காற்று இரையைத் தாண்டி எந்தப் பக்கம் வீசுகிறதோ அந்தப் பக்கத்திலிருந்துதான் வரும். அதை மறித்து நிற்காதீர்கள். காற்று முதலில் உங்களைத் தொட்டுப் பிறகு இரையைத் தொடும்படி நின்றால் நாற்றமும் குறையும். சிங்கம் வண்டியைச் சட்டை செய்யாது. பாறு அப்படியல்ல, ஓடி எழும்ப இடம் வேண்டும். சிங்கம் எழுந்ததும் ஐம்பது மீட்டராவது பின்வாங்கிவிடுங்கள்.

எஞ்சினை அணைத்துவிடுங்கள், அதன் நடுக்கம் படத்தைக் கெடுக்கும். கூரைத் திறப்பில் அரிசி நிரப்பிய துணிப்பை ஒன்று போதும், முக்காலி உதவாது. பைனாகுலர் 8×42 (எட்டு மடங்கு, 42 மி.மீ. முன்வில்லை). பத்து மணிக்கு மேல் கானல் அலையில் தூரப் படம் எதுவும் தேறாது.

நிடுட்டுவில் தடத்தை விட்டு ஓட்டலாம், செரோனேராவில் கூடாது. மழை பெய்திருந்தால் நிடுட்டுவிலும் சதுப்பு ஓரக் கரிசலில் இறங்காதீர்கள். சக்கரம் புதைந்தால் அன்றைய பொழுது அவ்வளவுதான்.

எலும்புமென்னி:
சிங்கம் வயிறு, தொடை இடுக்கிலிருந்து தொடங்கும். இரைப்பையை இழுத்து ஒதுக்கிவிடும். கழுதைப்புலி ஓரமாகக் காத்து நிற்பதைப் பார்த்ததும் "திருட வந்திருக்கிறது" என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். யார் வாயில், கழுத்தில் ரத்தம் என்று பாருங்கள். கழுதைப்புலியின் கழுத்து சிவந்து, இரையின் தொண்டையில் கடிதடம் இல்லாமல் இருந்தால், கொன்றது அது, பறித்தது சிங்கம். தான்சானியாவின் கோரொங்கோரோவில் விலங்கியலாளர் ஹான்ஸ் குரூக் 1960களிலேயே இதைக் காட்டிவிட்டார். இன்னும் பழைய கதையே ஓடுகிறது.

எப்போது கை மாறும்? போட்ஸ்வானாவின் சவூட்டியில் கண்டது: வளர்ந்த ஆண் சிங்கம் இல்லாமல், ஒரு பெண் சிங்கத்துக்கு நான்குக்கு மேற்பட்ட கழுதைப்புலி வீதம் சேர்ந்தால் சிங்கம் விலகும். ஆகவே எண்ணிக்கொண்டே இருங்கள். ஆண் சிங்கம் படுத்திருந்தால் காத்திருப்பது வீண், மாலை ஐந்துக்குத் திரும்பி வாருங்கள்.

பாறுகளில் வெண்முதுகு, ரூப்பெல் இரண்டும் கூட்டமாக வந்து உள்ளே கழுத்தைவிட்டு மென்சதையைத் தின்பவை. தோல் கிழியாத உடல் என்றால் அவை கண், வாய், பின்பக்கம் என்று ஓட்டை தேடி நிற்கும். காதுமடல் தொங்கும் பெரிய பாறு வந்துதான் தோலையும் நாரையும் கிழிக்கும். மராபு நாரையின் அலகு சதையைக் கிழிக்காது, பிறர் இழுத்துப் போட்டதைப் பறிக்கும்.

கொக்குப்பார்வை:
அருமை. சிவிங்கிப்புலி (சீட்டா) இரை பிடித்தால்?

எலும்புமென்னி:
தூரத்தில் நில்லுங்கள். ஓடிக் களைத்த சிவிங்கிப்புலி மூச்சு வாங்கிய பிறகே தின்னும். வண்டிகள் குவிந்தால் நிமிர்ந்து பார்த்தே நேரம் போகும், அதற்குள் கழுதைப்புலி வந்துவிடும். கென்யாவின் மாசாய் மாராவில் சிவிங்கிப்புலி பற்றிச் செய்த ஆய்வு ஒன்று 2018இல் வந்தது. சுற்றுலா மிகுந்த இடத்தில் ஓர் ஈற்றுக்குச் சராசரி 0.2 குட்டிகளே தனித்து வாழும் வயதை எட்டின, குறைந்த இடத்தில் 2.3. ஐந்தாவது வண்டியாகப் போய்ச் சேராதீர்கள்.

புல்வெளியான்:
ஒன்று விட்டுப்போயிற்று. இரையைச் சுற்றிப் பாறுகள் செத்துக் கிடந்தால் யாரும் இறங்கவோ தொடவோ கூடாது. கால்நடையைக் காப்பதற்காக ஊரார் வைக்கும் கார்போஃபியூரான் என்னும் பூச்சிக்கொல்லி நஞ்சாக இருக்கலாம். யானை வேட்டைக்காரர்களும் பாறு காட்டிக்கொடுத்துவிடும் என்று நஞ்சு வைப்பார்கள். நீலகிரியின் சீகூரில் நம் பாறுக்கு மாட்டுக்குப் போடும் வலிமருந்தான டைக்ளோஃபினாக் எமன், அங்கே இது. இடத்தைக் குறித்து உடனே காவலருக்குச் சொல்லச் சொல்லுங்கள்.