இந்த முறை எங்கள் கல்லூரிப் பின்வரிசை தாங்குமா?

குளக்கட்டு எழுதியது:

கிளிநொச்சிப் பக்கப் பாடசாலை உதைபந்தாட்டத்தை விடாமல் பார்க்கிறவர்கள் இங்கே சிலர் இருக்கிறீர்கள், அதனால்தான் கேட்கிறேன். எங்கள் கல்லூரியின் 20 வயதுப் பிரிவு அணி இன்னும் கொஞ்ச நாளில் வலயப் போட்டிக்கு இறங்குகிறது. முன்வரிசையைப் பற்றிக் கவலை இல்லை, போன வருடம் கோல் போட்ட இரண்டு பெடியளும் அப்படியே இருக்கிறார்கள். பயம் எல்லாம் பின்னுக்குத்தான். போன வருடம் நின்ற நாலு பேரில் ஸ்டொப்பர்கள், அதாவது நடுவில் நின்று தடுக்கிறவர்கள், இருவரும் ஏ.எல் எழுதிவிட்டுப் போய்விட்டார்கள். றைற் பேக் இருக்கிறான். லெப்ற் பேக்காக நின்றவனை நடுவுக்கு எடுத்து, அவனுடைய இடத்துக்கு 18 வயதுப் பிரிவிலிருந்து ஒரு சின்னவனை ஏற்றியிருக்கிறார்கள். மற்ற ஸ்டொப்பர் போன வருடம் வரைக்கும் நடுக்களத்தில் ஆடியவன், உயரமான பெடியன் என்பதற்காகப் பின்னுக்கு இழுத்திருக்கிறார்கள்.

போன கிழமை ஒரு பயிற்சி ஆட்டம் பார்த்தேன். மூன்றுக்கு மூன்று. வாங்கிய மூன்றில் இரண்டு கோல் அச்சொட்டாக ஒரே மாதிரி. அந்தப் பக்கத்திலிருந்து உயர்த்தி அடிக்கிறார்கள், எங்கள் ஸ்டொப்பர் இருவரும் நீ போவாய் நான் போவேன் என்று பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள், பந்து காய்ந்த தரையில் குத்தி இருவருடைய தலைக்கும் மேலால் எழும்புகிறது, பின்னால் ஓடி வந்தவன் கீப்பருக்கு முன்னால் தனியாக நிற்கிறான். மூன்றாவது கோல் சின்னவனின் பக்கத்தால் வந்தது. அதற்குப் பிறகு அவன் இடுப்பில் கையை வைத்து, பூட்ஸ் முனையால் மண்ணைக் கிளறிக்கொண்டே நின்றான். ஒருத்தரும் கிட்டப் போய் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்கு அது கோல் வாங்கியதை விடக் கஷ்டமாக இருந்தது.

இந்த நாலு பேரிடம் என்ன எதிர்பார்க்கலாம்? மாவட்டம் தாண்டுவார்களா? ஐந்து பேரைப் பின்னுக்கு நிறுத்தச் சொல்லி கோச்சிடம் கதைக்கலாமா, இல்லை பழையபடி வரிசைக்குப் பின்னால் தனியாக நிற்கிற ஒரு சுவீப்பரை வைக்கலாமா? உண்மையாக நினைப்பதைச் சொல்லுங்கள்.


பழைய ஸ்டொப்பர் எழுதியது:

தம்பி, நானும் அதே இடத்தில் நின்றவன்தான், வேறு பாடசாலைக்கு. மீள்குடியேறி வந்த புதிதில், 2011இல், எங்களுக்குக் கோல் கம்பமே இல்லை. இரண்டு பனங்குற்றியை நட்டு, மேலே கயிறு கட்டித்தான் பழகினோம். பந்து கயிற்றுக்கு மேலாலா கீழாலா போனது என்று அடிபடாத நாள் இல்லை. அப்போதும் எங்களுக்கு இதே வருத்தம்தான், இரண்டு ஸ்டொப்பரும் ஒரே பந்துக்குப் போவோம், அல்லது இருவருமே போகமாட்டோம்.

போன வருட ஆட்டங்களில் இரண்டைப் பார்த்தேன். உங்கள் பெரிய ஸ்டொப்பர் ஓட்டத்தில் மெதுவான ஆள், ஆனால் முதல் நிமிடத்திலிருந்து கடைசி வரைக்கும் கத்திக்கொண்டே இருப்பான். "ஏறு", "விடு", "என்ர பந்து", இவ்வளவுதான். அந்தச் சத்தத்தில்தான் மற்ற மூன்று பேரும் நகர்ந்தார்கள். இப்போது கால் நல்ல நாலு பேர் இருக்கிறார்கள், கதைக்கிற ஆள் இல்லை. ஐந்தாவது ஆளைக் கொண்டுபோய் நிறுத்தினால் பேசாமல் நிற்கிறவர்கள் ஐந்து பேர் ஆவார்கள், வேறு ஒன்றும் மாறாது.

1990–91 பருவத்தில் இங்கிலாந்தின் ஆர்சனல் கழகம் 38 லீக் ஆட்டங்களில் வாங்கியது 18 கோல் மட்டும். டிக்சன், அடம்ஸ், போல்ட், விண்டர்பேர்ன் என்று அந்தப் பின்வரிசையின் பெயர்களை என் வயது ஆட்கள் இன்னும் மனப்பாடமாகச் சொல்வார்கள். அவர்களுடைய கோச் ஜோர்ஜ் கிரஹாம் அவர்களைக் கயிறு பிடிக்க வைத்துப் பழக்கினார் என்று அந்த ஆட்டக்காரர்களே சொல்லியிருக்கிறார்கள். ஒருவன் வலப்பக்கம் போனால் கயிறு மற்றவனை இழுக்கும். மாடு கட்டுகிற நைலோன் கயிறு போதும், சந்தையில் வாங்கலாம். ஒருவனுக்கும் மற்றவனுக்கும் நடுவில் எட்டுப் பத்து மீற்றர் விட்டு, நாலு பேரையும் பிடிக்கச் சொல்லி, பந்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாற்றுங்கள். முதல் நாள் தடுக்கி விழுவார்கள், விழட்டும். இரண்டு கிழமையில் கயிறு இல்லாமலே நகருவார்கள்.


சோளகக்காற்று எழுதியது:

அண்ணை சொல்வது சரி, ஆனால் காற்றை ஒருத்தரும் கதைக்கவில்லையே. இது சோளகம் அடிக்கிற காலம். திறந்த மைதானத்தில் பின்னேரம் மூன்று மணிக்கு அடிக்கிற காற்றில் எதிரணிக் கீப்பர் உதைக்கிற பந்து நடுக்கோட்டைத் தாண்டி எங்கள் பெட்டிக்குக் கிட்டக் குத்தும். அந்தப் பாதிக்கு வரிசை ஐந்து மீற்றராவது பின்னுக்கு நிற்க வேண்டும். மறுபாதியில் அதே உதை காற்றில் நின்று குத்தென்று கீழே விழும், அப்போது முன்னுக்குப் போய் அடிக்க வேண்டும். இதை ஒவ்வொரு கோல் கிக்குக்கும் முன்னால் ஒருவன் பார்த்துச் சொல்ல வேண்டும். 2019இலிருந்து நாணயம் வென்றவர்கள் எந்தக் கோலை நோக்கி ஆடுவது என்றும் தெரியலாம், முதல் உதையை எடுப்பது என்றும் தெரியலாம். எங்கள் கப்டன்மார் நாணயத்தை வென்ற சந்தோசத்தில் பந்தை எடுத்துக்கொண்டு ஓடிவிடுகிறார்கள். காற்றைத் தெரிவு செய்யுங்கள். என்னைக் கேட்டால் முதல் பாதியில் காற்றோடு ஆடுவது நல்லது, ஏனென்றால் பின்னேரம் போகப் போகக் காற்று கொஞ்சம் தணியும்.

குளக்கட்டு, நீங்கள் சொன்ன அந்த இரண்டு கோலுக்கும் மருந்து ஒன்றுதான், பந்து குத்த விடக்கூடாது. புல் உள்ள மைதானத்தில் பந்து குத்தி அடங்கும். எங்கள் தரை வெயிலில் ஓடு மாதிரி, குத்தினால் ஆள் உயரத்துக்கு எழும்பும். ஒருவன் முன்னால் போய் தலையால் அடிக்க வேண்டும், மற்றவன் அந்த நேரமே நாலு அடி பின்னுக்கு ஓட வேண்டும். யார் முதலில் கத்துகிறானோ அவன்தான் போகிறவன், அவ்வளவுதான்.

இன்னொன்று, கீப்பருக்குச் சொல்லி வையுங்கள். 2025 யூலையிலிருந்து கீப்பர் பந்தைக் கையில் எட்டு வினாடிக்கு மேல் வைத்திருந்தால் கோணர் கிக் கொடுப்பார்கள். முந்தி ஆறு வினாடி, அதை ஒரு நடுவரும் எண்ணவில்லை. இப்போது கடைசி ஐந்து வினாடியையும் கையைத் தூக்கி எண்ணிக் காட்டுவார். கோல் கணக்கில் முன்னுக்கு நிற்கிற நேரத்தில் பந்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு படுக்கிற பழக்கம் இருந்தால் இப்போதே விடச் சொல்லுங்கள்.


மன்னார்க்கரை எழுதியது:

நான் கடற்கரைப் பக்கத்து ஆள், எங்கள் பெடியள் மணலில் வெறுங்காலோடு ஆடி வளர்ந்தவர்கள், ஓட்டத்தில் அவர்களைப் பிடிப்பது கஷ்டம். அதனால் கயிறு பிடித்து வரிசையை முன்னுக்கு ஏற்றுகிற கதையில் எனக்கு முழுச் சம்மதம் இல்லை. எங்கள் வரிசைக்குப் பின்னால் நின்று பந்து வாங்குகிறவனுக்கு ஓஃப்சைட் கொடுப்பார்கள் என்று நம்பி நாலு பேரும் ஏறி நிற்க, கொடி தூக்க வேண்டியவர் பத்து மீற்றர் பின்னால் நின்றால் யாரிடம் போய் அழுவது? மாகாணத்துக்குப் போனால் பரவாயில்லை, வலயத்தில் அதை நம்பி ஆடக்கூடாது. சுவீப்பர் பழைய முறை என்று சிரிக்கிறார்கள், ஆனால் ஒருத்தன் மூன்று நாலு மீற்றர் பின்னால் நின்று மற்றவர்கள் விட்டதைப் பொறுக்கினால் நீங்கள் சொன்ன அந்த இரண்டு கோலும் விழுந்திருக்காது. போன வருடம் லெப்ற் பேக்காக நின்றவனை அந்த இடத்தில் வையுங்கள், அவனுக்கு ஆட்டம் தெரியும்.

பாடசாலை ஆட்டங்களில் நான் அடிக்கடி காண்கிற பிழை ஒன்று. த்ரோவுக்கு ஓஃப்சைட் இல்லை. கோணருக்கும் இல்லை, கோல் கிக்குக்கும் இல்லை. எங்கள் பெடியள் த்ரோ எறியும்போதும் பழக்கத்தில் முன்னுக்கு ஏறுகிறார்கள், எதிரணியில் கைப்பலம் உள்ள ஒருவன் தலைக்கு மேலால் பின்னுக்கு எறிந்தால் சரி, கையைத் தூக்கிக்கொண்டு நடுவரைப் பார்ப்பார்கள், அதற்குள் கோல். சின்னவனுக்கு இதை ஒருத்தர் நிதானமாகச் சொல்லிக் கொடுங்கள்.

பின்வரிசை ஆட்டத்தை இங்கே ஒருத்தரும் பெரிதாக எடுப்பதில்லை, கோல் போட்டவனைத்தான் தோளில் தூக்குகிறோம். எங்கள் மன்னார் மண்ணில் பிறந்த டக்சன் பியூஸ்லஸ் தடுப்பு வீரராகவே தேசிய அணி வரைக்கும் போனவர், மாலைதீவுக் கழகங்களுக்கும் ஆடினார். 2022இல் அங்கேயே இறந்துபோனார் என்ற செய்தி வந்த அன்று இங்கே அழாத ஆட்டக்காரன் இல்லை. அந்தச் சின்னவனுக்கு அவருடைய ஆட்டங்களைப் போட்டுக் காட்டுங்கள். பின்னுக்கு நிற்பது தண்டனை இல்லை என்று அவனுக்குத் தெரிய வேண்டும்.


பரந்தன் சந்தி எழுதியது:

நான் கிட்டத்தட்ட ஒவ்வொரு நாளும் பயிற்சியைப் பார்க்கிறவன், வேலை முடிந்து வருகிற வழியில் மதிலோரம் சைக்கிளை நிறுத்திவிட்டு நிற்பேன். நீங்கள் எல்லோரும் கயிறு, காற்று, சுவீப்பர் என்று கதைக்கிறீர்கள், நல்ல விசயம்தான், ஆனால் நடப்பது வேறு. மூன்றரைக்குத் தொடங்குகிறார்கள். முதலில் ஓட்டம், பிறகு பாஸ், பிறகு கோலுக்கு அடிக்கிற பயிற்சி, அதில்தான் நேரம் முழுக்கப் போகிறது. பின்வரிசையைத் தனியாக எடுத்துப் பழக்குவது கடைசி அரை மணித்தியாலம், ஐந்து மணிக்குப் பிறகு. அந்தச் சின்னவன் அக்கராயன் பக்கம். ஐந்து மணி பஸ்ஸை விட்டால் அவனுக்கு வீடு போக வழி இல்லை. ஒவ்வொரு நாளும் பத்து நிமிடம் இருக்கும்போது பூட்ஸைக் கழற்றிப் புத்தகப் பையில் போட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு றோட்டுக்கு ஓடுகிறான். மற்ற மூன்று பேரும் அவன் இல்லாமல்தான் பழகுகிறார்கள், அந்த நேரம் லெப்ற் பேக் இடத்தில் யாராவது ஒரு மேலதிக வீரன் நிற்பான். பிறகு ஆட்டத்தில் ஏன் இவன் வரிசையோடு ஏறவில்லை என்றால் என்ன செய்வான்?

அந்தப் பயிற்சி ஆட்டத்துக்கு நானும் வந்திருந்தேன். மூன்றாவது கோலுக்கு மற்ற மூவரும் ஏறினார்கள், இவன் மட்டும் நின்றான். எப்போது ஏற வேண்டும் என்று அவனுக்கு ஒருத்தரும் காட்டவே இல்லை.


குளக்கட்டு எழுதியது:

பரந்தன் சந்தி அண்ணா, இதை வாசித்தபோது நெஞ்சு கனத்துப் போய்விட்டது. அவனைப் பற்றி நானும் மனதுக்குள் குறைதான் நினைத்திருந்தேன்.

நேற்றுப் பின்னேரம் கோச்சைப் போய்ப் பார்த்தேன். அவர் நல்ல மனுசன், பஸ் விசயம் தெரியும், ஆனால் அவன் தவற விடுவது முழுப் பின்வரிசைப் பயிற்சியையும் என்று அவர் யோசிக்கவில்லை. திங்கட்கிழமையிலிருந்து ஓட்டம் முடிந்தவுடனே முதல் முக்கால் மணித்தியாலம் பின்வரிசைக்கு, கோலுக்கு அடிப்பது கடைசியில். பழைய மாணவர்களில் இரண்டு பேர் அந்தப் பக்கம் மோட்டார் சைக்கிளில் போகிறவர்கள், கிழமையில் இரண்டு நாள் அவனை ஏற்றிப் போய் வீட்டில் விடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள், அந்த இரண்டு நாளும் அவன் கடைசி வரைக்கும் நிற்கலாம். சுவீப்பர் கதையையும் சொன்னேன். கோல் கணக்கில் முன்னுக்கு நிற்கும் ஆட்டங்களில் கடைசிப் பதினைந்து நிமிடத்துக்கு மட்டும் பார்க்கலாம் என்றார், மற்றப்படி நாலு பேர் வரிசைதான். மன்னார்க்கரை அண்ணா கோபிக்கக்கூடாது.

கத்துகிற வேலையை றைற் பேக்கிடம் கொடுத்திருக்கிறார். நடுவில் நிற்கிற ஒருவன்தான் செய்ய வேண்டும் என்று நான் நினைக்கிறேன், ஓரத்தில் நிற்பவனின் சத்தம் காற்றில் மற்றக் கரைக்குப் போகாது. அதைப் பற்றி இன்னும் கதைக்க வேண்டும். என் எதிர்பார்ப்பைக் கேட்டால், முதல் இரண்டு ஆட்டத்திலும் கோல் வாங்குவோம், வலயத்தைத் தாண்டுவோம், மாவட்டத்தில் கடற்கரைப் பக்க அணி ஒன்று எதிரே வராவிட்டால் அதையும் தாண்டலாம்.

பழைய ஸ்டொப்பர் அண்ணா, சந்தையில் கயிறு வாங்கிவிட்டேன், முப்பது மீற்றர். இரண்டு முனையையும் ஓரத்தில் நிற்பவர்கள் இடுப்பில் கட்ட வேண்டுமா, கையில் பிடித்தால் போதுமா? திங்கட்கிழமை மூன்றரைக்கு முன்னால் தெரிய வேண்டும். முடிந்தால் நீங்களே ஒருக்கால் வந்து காட்டுங்கள்.


பழைய ஸ்டொப்பர் எழுதியது:

கையில் பிடித்தால் போதும், கட்டினால் விழும்போது இழுத்துக்கொண்டு போகும். மூன்றேகாலுக்கு வருகிறேன். சின்னவனை என் பக்கத்தில் நிற்கச் சொல்லுங்கள்.