எங்களுக்குக் கேக்குது, நாங்கள் கதைக்கிறது அங்கால கேக்குதில்லை

புதுக்குடியிருப்புப் பிள்ளை:
அம்மான்ர போனில ஒரு மாசமா இந்தக் கரைச்சல். ஆர் எடுத்தாலும் அவை கதைக்கிறது அம்மாக்கு வடிவாக் கேக்கும், அம்மா சொல்லுறது ஒண்டும் அங்கால போகாது. கனடாவில இருக்கிற அண்ணா "அம்மா, அம்மா" எண்டு கத்திப்போட்டு கடைசில கட் பண்ணி எனக்கு எடுக்கிறார். சிம் மாத்திப் பாத்தாச்சு, ஓஃப் பண்ணி ஓன் பண்ணியாச்சு, செற்றிங் எல்லாம் கிண்டியாச்சு. வட்ஸப் கோலும் இப்பிடித்தான். போனும் பழசு, சார்ஜ் வயரையும் ஒரு பக்கம் சரிச்சுப் பிடிச்சாத்தான் ஏறும். புதுசு வாங்க இப்ப வசதியில்லை, என்ன செய்யலாம்?

மாங்குளத்தான்:
புளூடூத் ஓனில கிடக்கோ எண்டு பாருங்கோ தங்கச்சி.

கிளிநொச்சி ரிப்பேர்:
புளூடூத் எண்டா சத்தமும் ஹெட்செட்டுக்குத்தான் போகும் அண்ணை, அம்மாக்கும் கேக்காது. வட்ஸப்பிலயும் இதே கதை எண்டா நெட்வேர்க்கை விடுங்கோ, போனைப் பாப்பம். வொய்ஸ் ரெக்கோடரில கதைச்சுப் பதிஞ்சு கேளுங்கோ, பிறகு கோல் எடுத்து லவுட் ஸ்பீக்கரில போட்டுக் கதையுங்கோ. கன போனில ரெண்டு மைக் இருக்கு, சார்ஜ் குத்துற ஓட்டைக்குப் பக்கத்தில ஒண்டு, மேல ஒண்டு. காதில வைச்சுக் கதைக்கேக்க கீழ இருக்கிறதுதான் வேலை செய்யும், ஸ்பீக்கரில போட்டா கனக்கத்தில மேல இருக்கிறது. கவரையும் கழட்டிப் பாருங்கோ, வேற மொடல் கவர் மைக் ஓட்டையை மறைக்கும். எங்கட கிரவல் ரோட்டுப் புழுதியும் போய் அடைக்கும், காய்ஞ்ச மெல்லிய பிரஷ்ஷால தட்டிவிட்டாக் காணும். ஊசி மட்டும் விடாதேங்கோ!! சிம் தட்டு எடுக்கிற ஊசியை மைக் ஓட்டைக்குள்ள குத்தி, நல்லா இருந்த மைக்கையும் நாசமாக்கிக்கொண்டு வாற ஆக்கள் கனபேர்.

துணுக்காய் வயல்காரன்:
நடுவில வாறதுக்கு குறை நினைக்காதேங்கோ, எனக்கும் இதேதான், ஆனா வயலுக்க நிண்டா மட்டும். வீட்டில ஒரு பிரச்சினையும் இல்லை. வயலிலயும் சிக்னல் ரெண்டு கோடு காட்டுது.

கிளிநொச்சி ரிப்பேர்:
உங்கட போனில பழுது இருக்காது அண்ணை. அந்தக் கோடு ரவர் அனுப்புறது உங்கட போனுக்கு எவ்வளவு வருதெண்டுதான் காட்டும், நீங்கள் அனுப்புறது ரவருக்குப் போய்ச் சேருதோ எண்டு காட்டாது. ரவர் பத்துக்கணக்கான வாட்டில அனுப்பும், போன் 4ஜியில கூடினது 0.2 வாட்தான். 2ஜி எண்டா 900 மெகாஹேர்ட்ஸில 2 வாட் வரைக்கும் போகும், அதால வயலுக்க நிக்கேக்க 2ஜிக்கு மாத்திப் பாருங்கோ, நெட் மெதுவாப் போகும், கதை போகும். போனைக் கையால பொத்திப் பிடிக்காமல் மேட்டில ஏறி நிண்டு கதைச்சாலும் வித்தியாசம் தெரியும்.

புதுக்குடியிருப்புப் பிள்ளை:
அண்ணா, ரெக்கோடரில சும்மா இரைச்சல்தான். ஸ்பீக்கரில போட கனடா அண்ணாக்குக் கேட்டுட்டுது, அம்மா அழுதே போட்டா. கவர் கழட்டினேன், பிரஷ்ஷும் பண்ணினேன், காதில வைச்சா இன்னும் இல்லை.

கிளிநொச்சி ரிப்பேர்:
அப்ப கீழ் மைக்தான். சார்ஜ் வயர் சரிச்சுப் பிடிக்கோணும் எண்டு எழுதினீங்களெல்லோ, நான் முதலே அதைப் பிடிச்சிருக்கோணும். கன மொடலில சார்ஜ் குத்துற இடமும் மைக்கும் ஒரே சின்ன சேர்க்கிட் போட்டிலதான் இருக்கு. அந்தச் சார்ஜிங் போட்டை மாத்தச் சொல்லுங்கோ, மெயின் போட்டில கை வைக்க வேண்டாம் எண்டும் சொல்லுங்கோ.

புதுக்குடியிருப்புப் பிள்ளை:
மாத்தியாச்சு அண்ணா, நீங்கள் சொன்னதுதான், சார்ஜும் இப்ப சரிக்காமலே ஏறுது. அம்மா மட்டும் பழகின பழக்கத்தில இன்னும் ஸ்பீக்கரில போட்டுக் கத்தித்தான் கதைக்கிறா, கனடா அண்ணா சொல்லுற குடும்பக் கதை முழுக்க வேலிக்கு அங்கால கேக்குது 😅